புராசசர் சும்மா இருக்கும்போது சர்வர் ஏன் நகரவில்லை? லோட் ஆவரேஜ்: ஓர் எளிய விளக்கம்

"அண்ணா, லோட் 41-ஐத் தாண்டிவிட்டது. புராசசர் தாங்கவில்லை. புதிய சர்வருக்கு விலைப்புள்ளி வாங்கச் சொல்லிவிட்டார்கள்."

தேர்வு முடிவுகள் வெளியாக வேண்டிய ஒரு காலையில், ஒரு கல்லூரியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தொலைபேசியில் சொன்னது இது. நான்கு கோர் கொண்ட லினக்ஸ் சர்வர். முகப்புப் பக்கம் திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 'டாப்' கட்டளை காட்டும் முதல் சில வரிகளை அப்படியே படிக்கச் சொன்னேன். லோட் ஆவரேஜ் என்ற இடத்தில் 41.20, 38.75, 33.10 என்று மூன்று எண்கள். அதற்குக் கீழே, புராசசரின் நேரம் எதில் போகிறது என்று சொல்லும் வரி: நிரல்களுக்கு 4%, இயங்குதளத்தின் நடுக்கூறான கர்னலுக்கு 2%, சும்மா இருப்பது 19%, டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும் 'டபிள்யூஏ' என்பதில் 75%.

விடை அந்தக் கீழ் வரியில் இருந்தது. புராசசரின் நேரத்தில் வேலைக்குப் போனது வெறும் 6%. அது தாங்காமல் திணறவில்லை, வேலை வராமல் காத்துக் கிடந்தது. அதைப் போய் மாற்றப் பணம் ஒதுக்கப் பார்த்தார்கள்.

இப்படி நடப்பது அபூர்வம் அல்ல. லோட் ஆவரேஜ் என்றால் புராசசரின் பளு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; பயிற்சி வகுப்புகளில்கூட அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லினக்ஸில் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாததால் நல்ல புராசசர்களையும் மெமரியையும் மாற்றிவிட்டு, பழுதான டிஸ்க்கை அப்படியே விட்டுவைக்கிறோம். அந்த மீதிப் பாதிக்காகவே இந்தக் கட்டுரை.

பத்திரப் பதிவு அலுவலகத்துக் கூட்டம்

ஒரு பத்திரப் பதிவு அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசைகள், மேசைக்கு ஓர் எழுத்தர். பின்னால் பழைய ஆவணங்கள் அடுக்கிய ஓர் அறை. அந்த அறைக்குள் போய் ஆவணக் கட்டை எடுத்துவர ஒரே ஓர் உதவியாளர்.

வருகிறவர்கள் மூன்று விதம். சிலர் மேசையின் முன் அமர்ந்து வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது மேசை காலியாவதற்காக வரிசையில் நிற்கிறார்கள். சிலருக்குப் பழைய ஆவணம் தேவைப்படுகிறது. உதவியாளர் அதைத் தேடி எடுத்துவரும்வரை சுவரோரம் நிற்கிறார்கள். இன்னும் சிலரை "மதியத்துக்கு மேல் வாருங்கள்" என்று அனுப்பியாயிற்று. அவர்கள் அலுவலகத்திலேயே இல்லை.

இப்போது வாசலில் ஒருவர் நின்றுகொண்டு தலைகளை எண்ணுகிறார். மேசையில் இருப்பவர்கள், வரிசையில் நிற்பவர்கள், சுவரோரம் நிற்பவர்கள் எல்லோரையும் சேர்த்து எண்ணுகிறார். வீட்டுக்குப் போனவர்களை எண்ணுவதில்லை. அவர் சொல்லும் எண்ணிக்கைதான் லோட்.

மேசை என்பது கோர். ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யக்கூடிய, புராசசரின் ஒரு பகுதி. வருகிறவர் என்பது புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். ஆவண அறை என்பது டிஸ்க். யாரை எங்கே நிறுத்துவது என்று முறைப்படுத்தும் அதிகாரி கர்னல்.

உதவியாளர் ஒரு கட்டைத் தேடி உள்ளே போனார், அரை மணி நேரமாக வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நிற்பவர்கள் 41 பேர் ஆகிவிட்டார்கள். எழுத்தர்கள் நால்வரும் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் எண்ணுகிறவர் "41 பேர்" என்கிறார். எண்ணிக்கை சரி. அதைக் கேட்டு இன்னும் நான்கு மேசை போட்டால் என்ன பயன்? காலியாக இருக்கும் மேசைகள் எட்டாகும், அவ்வளவுதான்.

இதுவரை பார்த்தது: லோட் என்பது தலைக்கணக்கு, சதவீதம் அல்ல. அதில் புராசசருக்காக நிற்பவர்களும் உண்டு, டிஸ்க்குக்காக நிற்பவர்களும் உண்டு. எண்ணை மட்டும் வைத்து எந்த வரிசை நீண்டது என்று சொல்ல முடியாது.

மூன்று எண்கள்

லோட் ஆவரேஜ் காட்டும் மூன்று எண்களும் கடைசி 1, 5, 15 நிமிடங்களுக்கு உரியவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை பள்ளியில் படித்த கூட்டி வகுக்கும் சராசரி அல்ல.

உப்புத் தண்ணீர் நிரம்பிய மூன்று பானைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை கர்னல் தலைகளை எண்ணுகிறது. எண்ணியதும் முதல் பானையில் இருந்து 8% தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த நேரத்துக் கூட்டத்தின் அளவுக்கு உப்புப் போட்ட புதுத் தண்ணீரை ஊற்றுகிறது. இரண்டாவது பானையில் 2 சதவீதத்துக்கும் குறைவாக மாற்றுகிறது, மூன்றாவதில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு பானையிலும் எவ்வளவு உப்புக் கரிக்கிறது என்பதே நாம் பார்க்கும் எண். புள்ளியியலாளர்கள் இதைப் படிப்படியாகத் தேயும் சராசரி என்பார்கள்.

இதனால் ஒரு விளைவு உண்டு. கூட்டம் சட்டென்று கலைந்தாலும் எண்கள் சட்டென்று இறங்காது. ஒரு நிமிடம் கழித்தும் முதல் பானையில் பழைய தண்ணீர் ஏறத்தாழ 37% இருக்கும். மூன்றாவது பானையில் 15 நிமிடம் கழித்தும் அதே 37% இருக்கும்.

படிக்கும் முறை எளிது. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் நெருக்கடி ஏறிக்கொண்டிருக்கிறது, சிறிதாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது. எது அதிகம், எது குறைவு என்று முடிவு செய்யக் கோர்களின் எண்ணிக்கை வேண்டும். 8 என்பது 16 கோர் கொண்ட சர்வருக்கு ஒன்றுமில்லை, 2 கோர் சர்வருக்கு நீண்ட வரிசை. 'என்புராக்' (nproc) என்று தட்டினால் கோர்களின் எண்ணிக்கை வந்துவிடும்.

லினக்ஸ் ஏன் சுவரோரம் நிற்பவர்களையும் எண்ணுகிறது?

லோட் ஆவரேஜ் லினக்ஸைவிட வயதில் மூத்தது. டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தின் லோட் ஆவரேஜ் அளவுகளைப் பற்றி 1973-லேயே ஓர் ஆவணம் வெளியாகியிருக்கிறது. ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 546 என்பது அதன் எண். லினக்ஸும் தொடக்கத்தில், ஓடிக்கொண்டிருக்கும் அல்லது ஓடத் தயாராக நிற்கும் புராசஸ்களை மட்டுமே எண்ணியது.

1993 அக்டோபரில் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் ஒரு சிறு திருத்தம் அனுப்பினார். அவருடைய வாதம் நேரானது. வேகமான டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மெதுவான டிஸ்க்கைப் பொருத்தினால் கணினி மெதுவாகிறது. ஆனால் டிஸ்க்குக்காக நிற்பவர்களை எண்ணாவிட்டால் லோட் ஆவரேஜ் குறைந்து காட்டுகிறது. நிலைமை மோசமாகும்போது குறைகிற ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே அவர்களையும் எண்ணலாம் என்றார். அன்றுமுதல் இன்றுவரை லினக்ஸில் அதுதான் வழக்கம். இந்தத் திருத்தத்தின் வரலாற்றை 2017-இல் கணினிச் செயல்திறன் வல்லுநர் பிரெண்டன் கிரெக் பழைய மின்னஞ்சல் தொகுப்புகளில் இருந்து தேடி எடுத்து எழுதினார். ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்தில் இன்று மேசையில் இருப்பவர்களும் வரிசையில் நிற்பவர்கள் மட்டுமே கணக்கில் வருகிறார்கள். அதனால் லினக்ஸில் கண்ட 41-ஐயும் ஃப்ரீபிஎஸ்டியில் கண்ட 41-ஐயும் ஒப்பிட்டுப் பேசுவது பொருந்தாது.

உர்லிக்ஸ் செய்தது சரி என்றே நினைக்கிறேன். சர்வரைப் பயன்படுத்துகிறவருக்குத் தாமதம் தாமதம்தான். அது எந்த வரிசையில் ஆனது என்பது அவர் கவலை இல்லை. குழப்பத்துக்குக் காரணம் அந்த எண் அல்ல, அதன் பொருள் மாறியதை நாம் பாடத்தில் சேர்க்காமல் விட்டது.

கொல்ல முடியாத புராசஸ்

'பிஎஸ்' அல்லது 'டாப்' கட்டளையில் ஒவ்வொரு புராசசுக்கும் ஓர் எழுத்து இருக்கும். 'ஆர்' என்றால் ஓடுகிறது, அல்லது வரிசையில் நிற்கிறது. 'எஸ்' என்றால் உறங்குகிறது. மதியம் வரச்சொல்லி அனுப்பப்பட்டவர் இவர். எந்தச் சர்வரிலும் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கும், இவற்றால் லோட் ஏறுவதில்லை. 'டி' என்றால் இடையில் எழுப்ப முடியாத காத்திருப்பு. சுவரோரம் நிற்பவர் இவர்தான்.

'டி' நிலையில் இருக்கும் புராசசைக் 'கில்' கட்டளையின் மிகக் கடுமையான 9-ஆம் எண்ணைக் கொடுத்தும் பெரும்பாலும் நிறுத்த முடியாது. புதிதாக வருபவர்கள் இங்கே திகைத்துப்போகிறார்கள். நிர்வாகியின் கட்டளைக்கே ஒன்று அடிபணியவில்லை என்றால் கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

காரணம் இதுதான். ஆவண அறைக்குள் போன உதவியாளர் உங்கள் அசல் பத்திரத்தையும் கையோடு எடுத்துப்போயிருக்கிறார். அவர் திரும்பாமல் நீங்கள் வீட்டுக்குப் போக முடியுமா? போனால் பத்திரம் யார் கையில் சேரும்? அதேபோல, புராசஸ் தன் மெமரியின் ஒரு பகுதியைக் காட்டி "படித்ததை இங்கே வை" என்று டிஸ்க்கிடம் சொல்லியிருக்கிறது. டிஸ்க் எந்த நொடியிலும் அங்கே தரவைக் கொண்டுவந்து போடலாம். அதற்குள் புராசசைக் கொன்று அந்த மெமரியை வேறொரு நிரலுக்குக் கொடுத்துவிட்டால், பிறர் வீட்டுக்குள் தரவு போய் விழும். அதனால்தான் கர்னல் விடுவதில்லை. இந்தக் காத்திருப்பு ஒருசில மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு இது. நல்ல டிஸ்க்கில் முடிந்தும்விடும். 'டி' எழுத்து கண்ணில் படும் அளவுக்கு நீண்ட நேரம் நின்றால், அந்த நம்பிக்கை எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள்.

சுருக்கமாக: 'ஆர்' நிறைய இருந்து லோட் ஏறினால் புராசசரைப் பாருங்கள். 'டி' நிறைய இருந்து லோட் ஏறினால் அவை யாருக்காக நிற்கின்றன என்று பாருங்கள்.

யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

'விஎம்ஸ்டாட் 1' என்று கொடுத்தால் விநாடிக்கு ஒரு வரி வரும். மேலிருந்து கீழாக ஓடும் எண்களின் முதல் இரண்டு பத்திகள் 'ஆர்', 'பி': வரிசையில் எத்தனை, சுவரோரம் எத்தனை. வாசலில் நிற்பவர் கூட்டிச் சொன்ன எண்ணை இந்தக் கட்டளை பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கல்லூரிச் சர்வரில் 'ஆர்' 1 அல்லது 2, 'பி' 38, 39 என்று வந்தது.

வலப்பக்கம் வரும் 'டபிள்யூஏ' பற்றி ஒரு சொல். அது புராசசர் செய்யும் வேலை அல்ல. புராசசருக்குக் கையில் வேலை இல்லை, ஆனால் டிஸ்க்கில் ஏதோ நிலுவையில் இருக்கிறது என்ற நேரம் அது. ஓய்வின் ஒரு வகைதான். ஆகவே 75% 'டபிள்யூஏ' என்பதைப் 'புராசசர் 75% நிரம்பிவிட்டது' என்று படிப்பது தலைகீழாகப் படிப்பதாகும். இன்னொன்றும் உண்டு. புராசசருக்கு வேறு வேலை நிறைய இருந்தால், டிஸ்க் எவ்வளவு திணறினாலும் இந்த எண் சிறிதாகவே தெரியும். அதனால் இது குறைவாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 'பி' பத்தியே நம்பத்தக்கது.

காத்திருப்புக்கு டிஸ்க் மட்டுமே காரணம் என்றும் இல்லை. மெமரி போதாமல் கர்னல் மெமரியின் பகுதிகளை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தால் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற பத்திகளில் விடாமல் பெரிய எண்கள் ஓடும். அப்போது பார்க்க வேண்டியது மெமரியை. வலைப்பின்னல் வழியாக வேறொரு சர்வரின் கோப்புகளை என்எஃப்எஸ் முறையில் இணைத்திருந்து, அந்தச் சர்வர் பதில் தராமல் போனாலும் இங்கே 'டி' குவியும். நம் கணினியில் எந்தப் பழுதும் இருக்காது.

டிஸ்க்தானா என்று உறுதி செய்ய 'ஐஓஸ்டாட்' கட்டளையை 'எக்ஸ்' விருப்பத்துடன் ஓட்ட வேண்டும். டிஸ்க் வாரியாக, ஒரு கோரிக்கை முடிய எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று 'அவெயிட்' என முடியும் பத்திகள் சொல்லும். சுழலும் டிஸ்க்குக்கு 10, 20 இயல்பு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் 1-க்குக் கீழ். கல்லூரிச் சர்வரில் ஒரே தரவை இரண்டிலும் எழுதும் இரட்டை டிஸ்க் அமைப்பு. ஒன்றில் 11 மில்லிவிநாடி, மற்றதில் 4,800.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, அண்ணா" என்றார்.

டிஸ்க் என்ன சொல்கிறது?

கர்னல் தான் கண்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. 'டிமெசேஜ்' (dmesg) கட்டளை அதைக் காட்டும். அன்று அதில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஏடிஏ2 என்ற இணைப்பில் படிக்கும் கட்டளை தோல்வி, பிழை 'யுஎன்சி', அதாவது திருத்த முடியாத பிழை. அடுத்து, இணைப்பை மீட்டமைக்கிறேன் என்ற வரி. அரை நிமிடம் கழித்து மறுபடியும் அதே. 120 விநாடிக்கு மேல் ஒரு புராசஸ் அசையாமல் நிற்கிறது என்ற எச்சரிக்கையும் இடையிடையே இருந்தது. 'டி' நிலையில் அவ்வளவு நேரம் நின்றால் கர்னல் அதைத் தானாகவே எழுதிவைக்கும்.

ஒரு சிறு பழுது இவ்வளவு தாமதத்தை எப்படி உண்டாக்குகிறது? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. டிஸ்க்கில் தரவு செக்டர் என்ற சிறு கட்டங்களில் இருக்கிறது. ஒரு செக்டர் சரியாகப் படிக்கப்படவில்லை என்றால், அது மறுபடி டிஸ்க்கின் படிக்கும் தலைக்கு அடியில் வர ஒரு முழுச் சுற்று ஆக வேண்டும். டிஸ்க் எளிதில் கைவிடாமல் நூற்றுக்கணக்கான முறை முயல்கிறது. விநாடிகள் கரைகின்றன. அதற்குள் பின்னால் வந்த கோரிக்கைகள் எல்லாம் நின்றுவிடுகின்றன. காணாமல் போன ஒரே கட்டைத் தேடிக்கொண்டு உதவியாளர் உள்ளேயே இருக்க, வெளியே கூட்டம் சேர்ந்த கதைதான்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையில் அதைப் படிக்கலாம். தலைப்பில் 'பாஸ்ட்' (தேறியது) என்று ஒரு தீர்ப்பு இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழுதான டிஸ்க்குகள் பலவற்றில் அந்தச் சொல்லைக் கண்டிருக்கிறேன். கீழே உள்ள எண்களில் 5, 197, 198, 199 ஆகிய வரிகளைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காக நிற்பவை. 198, டிஸ்க்கின் சொந்தச் சோதனையில் படிக்க முடியாமல் போனவை. 199 மட்டும் வேறு சாதி: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போக்குவரத்தில் சிதைந்த தரவின் எண்ணிக்கை. 199 ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும். மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு முடிவுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சோதனையில் முதல் படிப்புப் பிழை தெரிந்த டிஸ்க், பிழையே தெரியாத டிஸ்க்கைவிட, அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. ஆனால் பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஸ்மார்ட்டின் நான்கு முக்கிய அளவுகளில் எந்த அறிகுறியும் காட்டாமலேயே போயிருக்கின்றன. ஆகவே ஸ்மார்ட் எச்சரித்தால் நம்புங்கள். எச்சரிக்கவில்லை என்பதற்காகப் பேக்கப்பைக் கைவிடாதீர்கள்.

கல்லூரியின் டிஸ்க்கில் 5-ஆம் வரி 1,312, 197-ஆம் வரி 64. தீர்ப்பு 'பாஸ்ட்'.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்

அந்த வாரத்தில் சர்வரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். இரண்டு முறையும் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டித் திறந்தால் சற்று நேரம் கூட்டம் இல்லாமல்தான் இருக்கும். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. கர்னலின் குறிப்பேடு மெமரியில் இருப்பது. டிஸ்க்கில் தனியே பதிவாகாதவை ரீஸ்டார்ட்டோடு போய்விடும். டிஸ்க்கே திணறும்போது அவை பதிவாவதும் நிச்சயம் இல்லை. அதைவிட, தள்ளாடும் டிஸ்க் ஒருமுறை சுழல்வதை நிறுத்தினால் மறுபடி சுழலும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முதலில் பேக்கப் இருக்கிறதா, திறந்து படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குறிப்பேட்டை வேறொரு கணினிக்கு நகல் எடுக்க வேண்டும். மற்றவை அதற்குப் பின்.

பேக்கப்பைச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதன்பின் பழுதான டிஸ்க்கை இரட்டை அமைப்பில் இருந்து விலக்கும் கட்டளையைத் தம்பி கொடுத்தார். சர்வர் நிற்கவில்லை, மற்ற டிஸ்க்கை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. நானும் தொலைபேசியில் இருந்தேன். 'பி' பத்தி 39-இல் இருந்து சில விநாடிகளில் 0 ஆனது என்றார். ஒரு நிமிடம் கழித்து லோட் ஆவரேஜின் முதல் எண் 15.9, மூன்றாவது எண் இன்னும் 30-க்கு மேல். "இன்னும் இறங்கவில்லையே, அண்ணா" என்று கேட்டார். பானை காலியாக நேரம் ஆகும் என்றேன். பத்து நிமிடம் கழித்து முதல் எண் 1-க்கு அருகில், மூன்றாவது 17-இல் இருந்தது. அதற்குள் முகப்புப் பக்கம் திறந்து, முதல் மாணவர்கள் தங்கள் மதிப்பெண்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மாலையில் புது டிஸ்க் வந்தது.